இடதுபக்கத்தில் சொந்தச் சிந்தனை

நோட்டு பேசும் என்று முதலில் அறிவித்தவர் கல்வித்துறை இணை இயக்குநர். பள்ளிக்கூடங்களில் அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் பிள்ளைகள்தான். அவர்களைப் பேசாமல் வைத்திருப்பதற்காகத்தான் ஆசிரியர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆகவே நோட்டே பேசப்போகிறது என்றதும், பயிற்சிக்கு வந்திருந்தவர்கள் மின்விசிறிக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.

மேப் டீச்சரும் நிமிர்ந்து பார்த்தாள். ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுப்பவள். எந்தப் பாடமானாலும் கக்கத்தில் ஒரு வரைபடச் சுருளோடு வகுப்புக்குள் நுழைவாள். பிள்ளைகள் வைத்த பெயர் அது. தற்காலிகப் பணியில் சேர்ந்து, அந்தத் தற்காலிகத்திலேயே தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது.

"இது சாதாரண நோட்டு இல்லை. ஊடாடும் நோட்டு!" என்றார் இணை இயக்குநர். ஒரு நோட்டை விரித்துத் தலைக்கு மேலே பிடித்துக் காட்டினார். "வலதுபக்கம் ஆசிரியர் சொல்றது. இடதுபக்கம் மாணவன் சொந்தமா சிந்திக்கிறது. மொழிப்பாடமும் சமூக அறிவியலும் இதுக்குள்ள கல்யாணம் பண்ணிக்குது. நடுவுல இருக்கே இந்த ஸ்டேப்ளர் பின், இதுதான் ஜனநாயகம்."

"ரெண்டு பின் இருக்கே" என்று டீச்சரின் காதோரம் முணுமுணுத்தார் கமா சார். மொழிப்பாட ஆசிரியர். பிள்ளைகளின் கட்டுரையில் கமா விடுபட்டிருந்தால் சாப்பாடு இறங்காது அவருக்கு. "ஒண்ணு ஜனநாயகம்னா இன்னொண்ணு என்னவாம்?"

மேப் டீச்சர் கையைத் தூக்கினாள். "சார், பிள்ளை இடதுபக்கத்துல தப்பா சிந்திச்சிட்டா என்ன பண்றது?"

இணை இயக்குநர் அவளைப் பரிவோடு பார்த்தார். "அருமையான கேள்விம்மா. தப்பான சிந்தனைன்னு ஒண்ணு உலகத்திலேயே கிடையாது. சரியான சிந்தனைகளோட தொகுப்பை அடுத்த வாரம் அனுப்பிடுவோம்."

தொகுப்பு சொன்னபடி வந்தது. அட்டையில் 'மாணவர் சுயசிந்தனை: மாதிரி விடைகள்' என்று அச்சடித்திருந்தது. ஆறுகளைப் பற்றிப் பாடம் நடத்தினால் மாணவருக்குச் சொந்தமாக என்ன தோன்ற வேண்டும், வரலாறு நடத்தினால் எந்த இடத்தில் வியப்பு வர வேண்டும், எல்லாம் பாடவாரியாக இருந்தது. வியப்பு பச்சை மையில். கேள்வி சிவப்பில். கேள்வி ஒன்றுக்கு மேல் போகக்கூடாது.

தொகுப்பின் பின்னாலேயே சுற்றறிக்கைகள் வரத்தொடங்கின. சமூக அறிவியலை மொழித்திறனோடு இணைக்க வேண்டும் என்பதால் வரிவிதிப்பைத் தாலாட்டாக எழுத வேண்டும் என்றது ஒன்று. கமா சார் இரண்டு நாள் முயன்று, "ஆராரோ ஆரிரரோ, வருமானம் ஆரறிவார்" என்று தொடங்கி, அதற்கு மேல் நகராமல் நின்றுவிட்டார். பிள்ளையின் எழுத்துப்பிழையைத் திருத்தினால் அதன் சுயசிந்தனை காயப்படும், ஆகவே திருத்தக்கூடாது என்றது இன்னொன்று. எழுத்துப்பிழை இருந்தால் பள்ளியின் மதிப்பெண் குறையும் என்றது அதே தாளின் மறுபக்கம். இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது: பிள்ளை எழுதுவதற்கு முன்பே திருத்திவிடுவது.

ஒவ்வொரு பக்கத்திலும் திறந்து மூடும்படி ஏதாவது ஒட்டப்பட்டிருக்க வேண்டும். சன்னல், உறை, விசிறி மடிப்பு. ஒட்ட ஒட்ட நோட்டுகள் வயிறு உப்பி, மூட மறுத்தன. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார்கள். அப்புறம், கற்றலின் கனத்தை நேரடியாக அளக்கும் பொருட்டு நோட்டுகளை எடை போடப்போவதாக ஒரு சுற்றறிக்கை வந்தது. அன்றைக்குச் சாயந்திரமே தலைமையாசிரியர் பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி, மெலிந்த நோட்டுகளுக்குள் ஒட்டச் சொன்னார்.

நோட்டு பேசிக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் குறுக்கே பேசக்கூடாது என்பதும் விதி.

மேப் டீச்சரின் வீட்டில் இப்போது சாப்பாட்டு மேசையில் சாப்பாடு கிடையாது. கத்தரிக்கோலும் கலர் பேப்பரும்தான். அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். கை கொஞ்சமும் பிசகாது. மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டு முடித்தபின், முப்பத்தைந்து பிள்ளைகளுக்கும் சன்னல் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நானும் ஏழாவது பாஸ் பண்ணிடுவேன் போலிருக்கே" என்றார்.

பிறகு அவள் எழுதுவதைப் பார்த்துக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "ஏய், என்ன, இடது கையால எழுதுறே?"

"பிள்ளைங்க எழுதின மாதிரி கோணலா இருக்கணும்ல."

"யாரோட நோட்டு அது?"

"நாலு நாளா லீவு போட்டிருக்கானே, அந்தப் பையனோடது. அவன் வராததால அவனோட சிந்தனை பாக்கி நிக்குது."

அவர் கத்தரிக்கோலை எடுத்தார். மறுபடி சன்னல் வெட்ட ஆரம்பித்தார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை போல இருந்தது அவளுக்கு. முதல் நாள் கூச்சத்தில் கை நடுங்கியதாலேயே எழுத்து இயல்பாகக் கோணியது. பழகப் பழக நடுக்கம் போய்விட்டது. கோணலை முயன்று வரவழைக்க வேண்டியிருந்தது. அதுவும் கைவந்துவிட்டது என்பதுதான் அவளை என்னவோ செய்தது.

இந்த நிலையில்தான் சரக்கு வந்தது. ஒரு வேன் நிறைய கலர் பேப்பர் கட்டுகளும் பசை டப்பாக்களும். ஒவ்வொரு பெட்டியிலும் வாயைத் திறந்து சிரிக்கும் நோட்டின் படம். மழையோ கறையானோ படாமல், பூட்டுப்போட்ட அறையில் பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவு. பள்ளியில் பூட்டுகிற மாதிரி உருப்படியான கதவு மூன்றே மூன்று அறைகளுக்குத்தான் இருந்தது. ஒன்று தலைமையாசிரியர் அறை. இன்னொன்று ஆசிரியைகளின் கழிப்பறை. மூன்றாவது, மாணவிகளின் இரண்டு கழிப்பறைகளில் நல்லதாக இருந்த ஒன்று.

"தற்காலிக ஏற்பாடுதான்" என்றார் தலைமையாசிரியர். பெட்டிகள் உள்ளே போயின. சரக்கு பத்திரமாக வைக்கப்பட்டது என்ற ரசீதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் மேப் டீச்சர். தற்காலிகம் என்ற வார்த்தையின் நீளம் அவளைவிட யாருக்கும் தெரியாது. இருந்தும் போட்டாள்.

மிச்சமிருந்த கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு பெண் உள்ளே போனால் இன்னொரு பெண் வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இடைவேளையில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் யாராவது ஒருத்தி கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதை டீச்சர் பார்ப்பாள். பார்த்துவிட்டு வரைபடச் சுருளை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விடுவாள்.

அந்த வாரம் 'நமது உள்ளாட்சி' பாடம். இடதுபக்க வேலை: உங்கள் பகுதியிலுள்ள ஒரு பொதுச் சேவையைப் பற்றி, திறந்து மூடும் அமைப்புடன், நகராட்சித் தலைவருக்குக் கடிதம் எழுதுக. தொகுப்பு இதற்குக் கொடுத்திருந்த சுயசிந்தனை: "எங்கள் பகுதியில் எல்லாச் சேவைகளும் சிறப்பாக உள்ளன. இது எப்படி என்று எனக்கு வியப்பாக உள்ளது." முப்பத்து நான்கு பேர் அதையே சிந்தித்திருந்தார்கள்.

முப்பத்தைந்தாவது ஆள் பென்சில். ஒல்லியான பெண், சடையில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகியிருப்பாள். அவள் கரும்பலகையில் எழுதிப்போட்டதைக் காப்பியடிக்கவில்லை. நீலத் தாளில் ஒரு கதவு செய்திருந்தாள். அதில் காகிதப் பூட்டு. கதவைத் திறந்தால் உள்ளே கூரை வரைக்கும் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் சிரிக்கும் நோட்டு. கதவின் உள்பக்கத்தில் வரிசையாகப் பெண்பிள்ளைகள், காலைப் பின்னிக்கொண்டு. பெட்டிகளுக்குக் கீழே கடிதம்:

"மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் பள்ளியில் கலர் பேப்பருக்குத் தாழ்ப்பாள் உள்ள அறை கிடைத்திருக்கிறது. எங்களுக்குத் தாழ்ப்பாள் இல்லாத அறை. ஒருத்தி போனால் ஒருத்தி கதவைப் பிடிக்க வேண்டும். அதனால் நாங்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. மதியத்துக்குள் தலை வலிக்கும். கலர் பேப்பருக்குத் தலை வலிக்காது. ஆகவே அறைகளை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

மேப் டீச்சர் அதைக் கமா சாரிடம் கொடுத்தாள். அவர் சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தார். கடைசி வரி வரைக்கும் பேனா தாளில் இறங்கவில்லை. மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"மொழியும் சமூக அறிவியலும் கல்யாணம் பண்ணிக்கும்னாரே, பண்ணிக்கிச்சு. இதைத்தானே கேட்டாங்க?" என்றார்.

"இதையா கேட்டாங்க?" என்றாள் டீச்சர்.

தலைமையாசிரியர் படித்ததும் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நாளைக்கு ஆய்வு. இணை இயக்குநரே நேர்ல வர்றார். இதைக் கிழிச்சிடுங்க."

"கிழிச்சா பக்க எண்ணிக்கை குறையும் சார். பக்கம் குறையக்கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்கு."

"அப்போ கதவை ஒட்டிடுங்க. பசைக்கா பஞ்சம்?" குரலைத் தணித்தார். "உங்க பணிநிரந்தரக் கோப்பு அவர் மேசையிலதான் இருக்குன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

மதிய இடைவேளையில் வகுப்பில் யாருமில்லை. மேப் டீச்சர் பசை டப்பாவைத் திறந்தாள். நீலக் கதவின் நான்கு ஓரத்திலும் தூரிகையால் தடவினாள். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாதவள். மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்தி, மேலே தடித்த நிலப்படப் புத்தகத்தைப் பாரம் வைத்துக் காயவிட்டாள். சன்னல் வழியே பார்த்தபோது, எதிரே கழிப்பறை வாசலில் பென்சில் யாருக்காகவோ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். டீச்சர் சன்னலைச் சாத்தினாள்.

மறுநாள் இணை இயக்குநர் ஒரு உதவியாளரோடும் ஒரு தராசோடும் வந்தார். பிள்ளைகள் உதட்டை இறுக்கி உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது.

"எவ்வளவு அழகா பேசுது வகுப்பு!" என்று நெகிழ்ந்தார்.

நோட்டுகளைப் புரட்டினார். முதல் நோட்டில் எல்லாச் சேவைகளும் சிறப்பாக இருந்தன. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அப்படியே. நாலைந்து நோட்டுக்குப் பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பத்தைந்து பிள்ளைங்க, தனித்தனியா உட்கார்ந்து சொந்தமா சிந்திச்சு, ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்காங்க. இதுக்குப் பேர்தான் ஒற்றுமை. எங்க இயக்குநரகத்துலகூட இதைக் கொண்டுவர எவ்வளவு மெமோ கொடுக்க வேண்டியிருக்கு!"

உதவியாளர் நோட்டுகளைத் தராசில் வைத்து எடையைச் சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாவற்றிலும் கனமாக வந்தது பென்சிலின் நோட்டு. பசையின் பாரம். இணை இயக்குநர் ஆவலோடு அதை வாங்கி விரித்தார். நீலக் கதவு. நகத்தை விட்டு நெம்பினார். அசையவில்லை.

"யாரும்மா இது? எழுந்திரு. இந்தக் கதவு ஏன் திறக்க மாட்டேங்குது?"

பென்சில் எழுந்தாள். தன் நோட்டைப் பார்த்தாள். அது ஒட்டப்பட்டிருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தலையைத் திருப்பி மேப் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"உள்ளே என்ன இருக்கு?" என்றார் இணை இயக்குநர்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றாள் பென்சில். "சும்மா கதவு."

தலைமையாசிரியர் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டார். இணை இயக்குநர் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிறகு வகுப்பைப் பார்த்துத் திரும்பினார்.

"கேட்டீங்களா? சும்மா கதவு! என்ன ஒரு முதிர்ச்சி! பொதுச் சேவையைப் பத்தி எழுதச் சொன்னா எல்லாரும் உள்ளே போகணும், பார்க்கணும், கேட்கணும்னுதான் நினைப்பாங்க. இந்தக் குழந்தை வெளியவே நின்னு மதிக்கிறா. நான் இத்தனை வருஷமா எத்தனையோ அலுவலகத்துல கதவுக்கு உள்பக்கம்தான் உட்கார்ந்திருக்கேன். வெளியே நிக்கிறவங்களுக்கு அது எவ்வளவு அழகா தெரியும்னு ஒரு நாள்கூட யோசிச்சதில்லை. இன்னைக்கு இந்தக் குழந்தை என் கண்ணைத் திறந்துட்டா."

"கதவைத் திறக்காமலே" என்றார் கமா சார், யாருக்கும் கேட்காத குரலில்.

எல்லோரும் கைதட்டினார்கள். பிள்ளைகள் சத்தம் வராமல் தட்டினார்கள், அப்படித்தான் பழக்கியிருந்தது. மேப் டீச்சரும் தட்டினாள். உள்ளங்கையில் நேற்றைய பசை லேசாக ஒட்டியது. உதவியாளர் 'திறவாக் கதவு உத்தி' என்று குறித்துக்கொண்டார். ஒவ்வொரு நோட்டிலும் திறக்க முடியாத கதவு ஒன்றாவது இருக்க வேண்டும் என்று பின்னர் எல்லாப் பள்ளிகளுக்கும் உத்தரவு போனது.

சாயந்திரம் மணி அடித்தபின் வராந்தாவில் பென்சிலை நிறுத்தினாள் டீச்சர். என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தாள். வாயில் வந்தது இவ்வளவுதான்:

"நான்தான் ஒட்டினேன்."

"தெரியும் டீச்சர்."

"எப்படித் தெரியும்?"

"மூலையெல்லாம் நல்லா அழுந்தியிருந்துச்சு. நாங்க ஒட்டினா மூலை தூக்கிக்கும்."

டீச்சருக்கு முகம் சுட்டது. "அப்போ அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? ஏன் சொல்லல?"

பென்சில் பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள். நோட்டின் கனத்தில் அது ஒரு தோளை இழுத்திருந்தது. "நீங்க மேசையைப் பிடிச்சுக்கிட்டுத் தரையைப் பார்த்துட்டு நின்னீங்க டீச்சர். பாவமா இருந்துச்சு."

அவள் போய்விட்டாள். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். அழுதிருந்தால் சமாதானப்படுத்தியிருக்கலாம். பாவமா இருந்துச்சு என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் மேப் டீச்சர் வராந்தாவில் வெகுநேரம் நின்றாள். பன்னிரண்டு வயதுப் பெண் தன்னைக் காப்பாற்றியிருக்கிறாள்; தான் காப்பாற்றியதோ தன் பணிநிரந்தரக் கோப்பை.

மாதிரிப் பள்ளி என்று அறிவிப்பு வந்தது. பரிசு என்னவென்றால், இன்னும் இரண்டு வேன் சரக்கு. தலைமையாசிரியர் ஆசிரியர்களைக் கூட்டினார்.

"பெருமையான விஷயம். ஆனா இடம் பத்தாது. அந்த இன்னொரு கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லைன்னு மாணவிகள் தரப்புல ஒரு குறை இருந்துச்சு. அதை நாம உடனே தீர்க்கிறோம். தாழ்ப்பாளும் பூட்டும் போட்டு, சரக்கை அதுல வைக்கிறோம்."

"பிள்ளைங்க?" என்றார் கமா சார்.

"வீட்டுல இருந்து வரும்போதே தயாரா வரணும். ஒழுக்கம்கிறது அதுதானே?" ரசீதை மேப் டீச்சர் பக்கம் நகர்த்தினார். "சாட்சிக் கையெழுத்து. போன தடவை மாதிரியே."

டீச்சர் பேனாவுக்காகக் கைப்பையைத் துழாவினாள். பேனா கிடைக்கவில்லை. கையில் அகப்பட்டது ஒரு சாவி. ஆசிரியைகளின் கழிப்பறைச் சாவி. பெண் ஆசிரியர்களில் மூத்தவள் என்பதால் அவளிடம்தான் இருக்கும். ஓடு பதித்த அறை. குழாயில் தண்ணீர் வரும். உள்ளே தாழ்ப்பாள் உண்டு. இத்தனை மாதமும் அது அவள் பைக்குள்தான், வகுப்புக்கு வகுப்பு, அவளோடு போய்வந்துகொண்டிருந்தது. ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை. தொகுப்பில் அது இல்லை.

"என்ன டீச்சர், பேனா இல்லையா? இந்தாங்க."

"வேண்டாம் சார்" என்றாள். அதட்டலாக வர வேண்டிய குரல் காற்றாக வந்தது. "நான் போடல."

ரசீதைக் கமா சாரிடம் நீட்டினார் தலைமையாசிரியர். அவர் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். "தாலாட்டு எழுதி எழுதி மணிக்கட்டு போயிடுச்சு சார்."

டீச்சர் நேராக ஏழாம் வகுப்புக்குப் போய்ச் சாவியைப் பென்சிலின் மேசையில் வைத்தாள். இடைவேளையில் ஆசிரியர் அறையைத் தாண்டி, வராந்தா முழுக்கப் பெண்பிள்ளைகளின் வரிசை நின்றது. தலைமையாசிரியர் ஓடி வந்தார்.

"அது ஆசிரியைகளுக்குன்னு ஒதுக்கினது! விதி இருக்கு!"

"தெரியும் சார். நானும் வரிசையிலதான் நிக்கிறேன்."

"உங்க கோப்பு..."

"இருக்கட்டும் சார்."

இதை அவள் தைரியமாகச் சொன்னாள் என்று பிற்பாடு ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள். அப்படியெல்லாம் இல்லை. சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல், முன்னால் நின்ற பெண்ணின் சடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோப்பு சில நாட்களில் திரும்பி வந்தது. 'நிறைவற்றது' என்று பச்சை மையில் எழுதியிருந்தது. அவள் இன்னும் தற்காலிகம்தான். சாட்சிக் கையெழுத்து கிடைக்காததால் புதிய பெட்டிகள் தலைமையாசிரியர் அறையில் அடுக்கப்பட்டன. அவரைப் பார்க்கப் போகிறவர்கள் இப்போது சிரிக்கும் நோட்டுகளுக்கு இடையிலிருந்து வரும் குரலோடுதான் பேச வேண்டியிருக்கிறது. நல்ல கழிப்பறையின் பூட்டு மட்டும் இன்னும் திறக்கவில்லை. அதற்குக் கமா சார் வாரம் ஒரு கடிதம் எழுதி, கமா சரிபார்த்து, நகராட்சிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் அந்த முதல் நாள்.

மேப் டீச்சர் வரிசையின் கடைசியில் நின்றாள். "டீச்சர், நீங்க முன்னாடி போங்க" என்று முன்னால் நின்ற பெண்கள் சங்கடத்தோடு விலகி வழிவிட்டார்கள். அவள் தலையசைத்து மறுத்துவிட்டாள். ஓர் அறை, இத்தனை பேர். வரிசை நகர்வதாகவே தெரியவில்லை. காலையில் இரண்டு டம்ளர் காப்பி குடித்திருந்தாள். ஆசிரியர் அறையில் யாரும் தாகத்தை அடக்கிப் பழகியவர்கள் இல்லை. அவளுக்கு முன்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் இருக்கும்போதே மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் ஒரு வார்த்தை பேசாமல், வழக்கம்போல, கலைந்து வகுப்புக்கு ஓடினார்கள். அவளும் வேறு வழியில்லாமல் பின்னால் போனாள்.

வரைபடத்தைக் கரும்பலகையில் மாட்டினாள். நதிகளைப் பற்றிய பாடம். பிறப்பிடத்திலிருந்து ஆரம்பித்தவள், பாதி வழியில் கோலை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டாள். நெற்றியில் வியர்த்தது. வகுப்பில் பெண்பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

முன்வரிசையிலிருந்து பென்சில் உடம்பை முன்னால் சாய்த்து, பையன்களுக்குக் கேட்காமல், மெல்லச் சொன்னாள்:

"காலை மாத்தி மாத்தி ஊனுங்க டீச்சர். மனசுக்குள்ள நிமிஷத்தை எண்ணாதீங்க, எண்ணினா அதிகமாயிடும். மதியம் வரைக்கும் தாங்கும்."